கோப்பை சென்னைக்கு, ஆட்டம் எப்போது?

2025 ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. மும்பை அந்தேரி விளையாட்டு வளாகத்தில் 'சென்னை புல்ஸ்' அணி, டெல்லி ரெட்ஸ் அணியை 41-0 என்று வென்று ரக்பி பிரீமியர் லீகின் முதல் கோப்பையைத் தூக்கியது. இறுதிப் போட்டியில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காத வெற்றி. கிரிக்கெட்டில் இப்படி நடந்திருந்தால் சேப்பாக்கத்திலிருந்து திருவான்மியூர் வரை ஊர் தூங்கியிருக்காது. இந்தக் கோப்பைக்குத் தி.நகரில் பட்டாசு வெடிக்கவில்லை, மயிலாப்பூரில் பேனர் கட்டப்படவில்லை. தன் பெயரில் ஓர் அணி இருப்பதே சென்னையில் பலருக்கு இன்றும் தெரியாது.

அதற்காக ஊரைக் குறை சொல்ல முடியாது. ஆறு அணிகள், 34 ஆட்டங்கள், எல்லாமே அந்த ஒரே மைதானத்தில். சென்னை அணி சென்னையில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அர்ஜென்டினாவின் ஹோவாக்கின் பெல்லாண்டினியும், 2022-ல் உலகின் சிறந்த செவன்ஸ் வீரராகத் தேர்வான அயர்லாந்தின் டெர்ரி கென்னடியும், சமோவாவின் மலிக்கோவும் இந்த ஊரின் பெயரைச் சட்டையில் தாங்கி ஓடினார்கள். அவர்கள் ஓடுவதை மயிலாப்பூரிலிருந்தோ அடையாறிலிருந்தோ ஒரு சிறுவன் நேரில் பார்க்க வேண்டுமென்றால், மும்பைக்கு ரயில் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.

புரோ கபடி லீகில் 2017-ல் தமிழ் தலைவாஸ் அணி உருவானபோது, முதல் சீசனிலேயே சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் ஆட்டங்கள் நடந்தன. ஊருக்கு அணி பழகியது, அணிக்கு ஊர் பழகியது. ரக்பிக்கு அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று சொல்ல வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஏனென்றால் இந்த ஊருக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு 2025-ல் தொடங்கியதல்ல.

கையில் பந்து, காலில் வேகம்

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ இருக்கும் தோழருக்குத்தான் தர முடியும். இந்த ஒரு விதியில்தான் ரக்பியின் உயிர் இருக்கிறது. முன்னேற வேண்டும், ஆனால் பந்து பின்னோக்கித்தான் போகும். ஆகவே பந்து வைத்திருப்பவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், அவருக்குப் பின்னால் ஓடிவர ஆள் இருந்தால்தான் அணி முன்னேறும்.

எதிரணி வீரரைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவதுதான் டேக்கிள். தோளுக்கு மேலே கை போகக் கூடாது, போனால் தண்டனை. விழுந்தவர் பந்தை விட்டுவிட வேண்டும்; அதன்மேல் இரு தரப்பும் தள்ளிப் போராடும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 'டிரை', ஐந்து புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்ட்டி உதை உள்ளே போனால் மூன்று.

கபடி தெரிந்த தமிழருக்கு இது அந்நியமான ஆட்டமே அல்ல. பாடிப் போனவரின் கணுக்காலைப் பிடித்து மடக்குவது, சங்கிலி கோத்து வளைப்பது, கோட்டைத் தொட ஒரு சாண் தூரம் இருக்கும்போது உடம்பை நீட்டிப் பாய்வது – இவை மூன்றும் ரக்பியில் உண்டு. சடுகுடு ஆடி வளர்ந்த பையனுக்கு டேக்கிள் சொல்லித்தர அதிக நாள் தேவைப்படாது. விழுவதற்கான பயம் அவனுக்கு ஏற்கெனவே போயிருக்கும்.

ரக்பி யூனியனின் முழு வடிவத்தில் ஓர் அணிக்கு 15 பேர், 80 நிமிடம். செவன்ஸ் வடிவத்தில் ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். ஒலிம்பிக்கில் இருப்பது செவன்ஸ். மும்பை லீகில் அதையும் நான்கு நிமிடக் கால்பகுதிகளாக வெட்டியிருந்தார்கள். ஒரு ஆட்டம் முடிய ஒரு காபி ஆறும் நேரம் போதும். மைதானம் மட்டும் சிறிதல்ல: கோட்டுக்குக் கோடு 100 மீட்டர் வரை நீளம், 70 மீட்டர் வரை அகலம், இரு முனைகளிலும் டிரை போட இன்னும் கொஞ்சம் இடம். இந்த அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையின் ரக்பிக் கதை கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

உருக்கிய வெள்ளியும் நந்தனத்து வாத்தியாரும்

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் கோப்பையின் பெயர் கல்கத்தா கோப்பை. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ஒரு பக்கம், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் மறுபக்கம் நின்று ஆடிய ஆட்டம் அதன் விதை. அடுத்த மாதமே கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது. ஐந்தே ஆண்டுகளில் ஆள் குறைந்தது. வெயில் ஒரு காரணம்; போலோவும் டென்னிஸும் உறுப்பினர்களை இழுத்துக்கொண்டது இன்னொன்று. கிளப்பைக் கலைத்தபோது, அதன் செயலர் ரோத்னியின் யோசனைப்படி வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகளாக மூன்று நாகங்கள், மூடிமேல் ஒரு யானை. 1879 மார்ச் 10-ல் எடின்பரோவில் அதற்காக முதல் ஆட்டம் நடந்து டிராவில் முடிந்தது. இந்தியக் கைவேலைப்பாடுள்ள அந்தக் கோப்பைக்காக இன்றும் இரண்டு நாடுகள் மோதுகின்றன.

மதராஸில் கதை தீவுத்திடலில் நடக்கிறது. 1884-ல் அங்கே தொடங்கிய மதராஸ் ஜிம்கானா கிளப் ரக்பியையும் வளர்த்தது. பட்டாளத்து அதிகாரிகளும் வணிக நிறுவனங்களின் வெள்ளைக்கார மேலாளர்களும் ஆடினார்கள். கல்கத்தா, பம்பாய், மதராஸ் என்று கிளப்புகளும் பட்டாளங்களும் மோதும் அகில இந்திய ரக்பி போட்டி 1924-ல் ஆரம்பமானது. அப்போது கூவம் ஆற்றின் கைகளுக்கு நடுவே இருந்த அந்தத் திடலில் ஆட்டம் ஆங்கிலேயருடையது. ஊர்க்காரர்களுக்கு வேலிக்கு வெளியேதான் இடம். இதைச் சொல்லாமல் சென்னையின் ரக்பிப் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாக இருக்காது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த ஆட்டம் தெருவுக்கு வராமல் போனதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

அதே 1924-ல் இன்னொரு சம்பவம். தி.நகரை ஒட்டிய நந்தனத்தில் இன்றும் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு அவரே மேலாளர். 15 பேர் ரக்பி கடைசியாக இடம்பெற்ற ஒலிம்பிக் அது. பக்கின் சொந்த நாடான அமெரிக்கா, பிரான்ஸை அதன் மண்ணிலேயே 17-3 என்று வென்று தங்கம் எடுத்தது. அதன்பின் ரக்பி ஒலிம்பிக்குக்குத் திரும்ப 2016 ரியோ வரை, 92 ஆண்டுகள் ஆயின.

பக் உருவாக்கிய கல்லூரி தென்னிந்தியப் பள்ளிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக 'டிரில் மாஸ்டர்'களை அனுப்பியது. நம் ஊர்களில் கூடைப்பந்தும் வாலிபாலும் பரவியதில் அந்த ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எந்த ஆட்டத்தை உடற்கல்வி ஆசிரியர் பள்ளிக்குக் கொண்டுவந்தாரோ அது தமிழ்நாட்டில் வேர்விட்டது. கிளப்பின் வேலிக்குள் இருந்த ஆட்டம் கிளப்போடு நின்றது. தீவுத்திடலுக்கும் நந்தனத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். ரக்பி அந்தத் தூரத்தைக் கடக்கவேயில்லை.

பாக் நீரிணைக்கு அப்பால்

கிளப்பின் வேலியைக் கடந்து ரக்பி பள்ளிகளுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பதில் இலங்கையில் இருக்கிறது.

அங்கும் ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் தோட்டத் துரைமார்களும் அதிகாரிகளும்தான். ஆனால் கண்டியில் கிங்ஸ்வுட் கல்லூரி 1891-லேயே மாணவர்களுக்கு ரக்பியை அறிமுகம் செய்தது. 1906-ல் கிங்ஸ்வுட்டும் அதே ஊரின் டிரினிட்டி கல்லூரியும் மோதியது பள்ளிகளுக்கிடையேயான முதல் ஆட்டம். 1945 முதல் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டியும் பிராட்பி கேடயத்துக்காக ஆடுகின்றன: ஓர் ஆட்டம் கொழும்பில், ஓர் ஆட்டம் கண்டியில், இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி முடிவாகும். பிராட்பி வாரத்தில் பழைய மாணவர்கள் வெளிநாடுகளிலிருந்து விமானம் ஏறி வருவார்கள். அப்பாவும் மகனும் பேரனும் ஒரே பள்ளி நிறக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரே வரிசையில் நிற்பதை அந்த மைதானங்களில் பார்க்கலாம். பள்ளிப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு இப்படி ஒரு கூட்டம் கூடுவது தெற்காசியாவில் அபூர்வம்.

தமிழ் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஒன்று அங்கே இருக்கிறது: சும்மா நவரத்தினம். ராயல் கல்லூரியில் படித்த இலங்கைத் தமிழர், 1925-ல் பிறந்தவர். 1950-களில் ஆசியாவின் அதிவேக ஓட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர். அந்தக் கால்களை ரக்பிக்கும் தந்தார். நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பயணத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் லயன்ஸ் அணி, 1950 செப்டம்பரில் கொழும்பில் இறங்கி இலங்கையுடன் ஆடியது. லயன்ஸ் 44-6 என்று வென்றது. தோற்ற பக்கத்தில் இலங்கைச் சட்டை அணிந்து ஓடியவர்களில் நவரத்தினமும் ஒருவர். பின்னாளில் ராயல் பையன்களுக்குப் பயிற்சியாளராகவும் ஆனார். சுதந்திரம் கிடைத்து இரண்டே ஆண்டான ஒரு சிறு நாடு, உலகின் மிகப் பெரிய அணிகளில் ஒன்றின் முன்னால் 15 பேரை நிறுத்த முடிந்தது என்றால், அதற்குப் பின்னால் பள்ளிகள் இருந்தன.

ஆட்டம் நடந்த கொழும்பு குதிரைப் பந்தயத் திடல் இன்று ஒரு ரக்பி அரங்கம். நம் கிண்டி ரேஸ் கோர்ஸைப் பற்றி ஊர் விவாதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்தச் செய்தியையும் யாராவது எடுத்துச் சொல்லலாம்.

19-5

இந்தியாவில் ரக்பியைப் பள்ளியிலிருந்து வளர்த்துக் காட்டியவர்கள் சென்னைக்காரர்களோ மும்பைக்காரர்களோ அல்ல. ஒடிசாவின் பழங்குடிச் சிறுவர்கள்.

2007-ல் லண்டனில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான ஒரு சர்வதேசப் பள்ளி ரக்பி போட்டி. புவனேஸ்வரத்தின் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் தங்கிப் படித்த பையன்கள் அங்கே போனார்கள். போவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவர்கள் கையில் ரக்பி பந்து வந்தது. இறுதியில் தென்னாப்பிரிக்க அணியை 19-5 என்று வென்றார்கள். கல்கத்தாவில் 'ஜங்கிள் குரோஸ்' என்ற கிளப்பைத் தொடங்கி, குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித்தந்த பால் வால்ஷ் என்ற ஆங்கிலேயர் அந்த அணிக்கும் பயிற்சி தந்தவர். அதே கல்கத்தா முயற்சியின் கிளை ஜல்பைகுரி மாவட்டத்தின் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டம் வரை நீண்டது. தேயிலை பறிக்கும் குடும்பங்களின் பெண்கள் பூட்ஸ் அணிந்தார்கள். அங்கிருந்து இந்திய அணிக்குப் போன சந்தியா ராயை உலக ரக்பி அமைப்பு தன் பெண்கள் பிரசாரத்தின் முகங்களில் ஒன்றாக வைத்தது.

பிறகு பீகார். பாட்னா மாவட்டத்தின் பாட் பகுதியைச் சேர்ந்த சுவீட்டி குமாரி ஓட்டப்பந்தயத்திலிருந்து ரக்பிக்கு வந்தவர். 2019-ல் இந்தியப் பெண்கள் அணி பிலிப்பைன்ஸில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது; 15 பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்களின் முதல் சர்வதேச வெற்றி அது. அதே ஆண்டு ஒரு சர்வதேசப் பெண்கள் ரக்பி இதழ் அந்த ஆண்டின் சிறந்த இளம் வீராங்கனையாக சுவீட்டியைத் தேர்ந்தெடுத்தது. 2021-ல் தாஷ்கண்டில் நடந்த 18 வயதுக்கு உட்பட்டோர் ஆசிய செவன்ஸில் இந்தியப் பெண்களுக்கு வெள்ளி. 2025 ஆகஸ்டில் பீகாரின் ராஜ்கிரிலேயே 20 வயதுக்கு உட்பட்டோர் ஆசிய செவன்ஸ் நடந்தது. சொந்த மண்ணில் இந்தியப் பெண்கள் வெண்கலம் எடுத்தார்கள்.

இந்த வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் பள்ளி, அல்லது கிராமம். பிறகு வயதுப் பிரிவு அணிகள். பிறகு ஊரிலேயே ஒரு சர்வதேசப் போட்டி. பீகார் அரசு பதக்கம் வென்றவர்களுக்கு நேரடி அரசு வேலை தரும் திட்டமும் வைத்திருக்கிறது. ஒரு விவசாயக் குடும்பம் மகளை மைதானத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும்போது அந்த வேலை என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

வயதுப் பிரிவு அணிகள் ஏன் இவ்வளவு முக்கியம்? உலக அளவில் ஓர் உதாரணம் போதும். ஹான்ட்ரே போலார்ட் 18 வயதில் தென்னாப்பிரிக்காவின் 20 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு ஆடினார். 2012-ல் அந்த அணி தன் சொந்த மண்ணில் இளையோர் உலகக் கோப்பையை வென்றது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2019 உலகக் கோப்பை இறுதியில் அவர் இங்கிலாந்துக்கு எதிராக எடுத்தது 22 புள்ளிகள். 2023 இறுதியில் நியூசிலாந்தை 12-11 என்று வென்றபோது அந்தப் பன்னிரண்டும் அவருடைய உதைகளே. பெரிய இரவில் நடுங்காத அந்தக் கால் இளையோர் ஆட்டங்களில் பழகியது.

120 ரூபாய்

இப்போது தென் சென்னைக்குத் திரும்புவோம்.

மயிலாப்பூரில் ஒரு மாலை நான்கரை மணிக்கு மேல் எந்தப் பள்ளி மைதானத்தைப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். ஒரே திடலில் நான்கு கிரிக்கெட் ஆட்டங்கள், ஓரத்தில் ஒரு கால்பந்து, நடுவே வாக்கிங் போகும் பெரியவர்கள். தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தப் பந்து எந்த ஆட்டத்துடையது என்று ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். பனகல் பூங்காவுக்கு அருகே மெட்ரோ பணி, மயிலாப்பூர் குளத்தருகே மெட்ரோ பணி. நடக்கக்கூட இடம் சுருங்கிய ஆண்டுகள் இவை. 100-க்கு 70 மீட்டர் என்ற கணக்கை இந்தப் பகுதியில் எங்கே பொருத்துவது?

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் தருவது, ஆடுகிறவரிடம் மணிக்கு 120 ரூபாய் வாங்குவது. எதிர்ப்பு கிளம்பியது. தீர்மானம் உடனே திரும்பப் பெறப்பட்டது. நல்லதே நடந்தது, ஆனாலும் அந்த 120 ரூபாய் கண்ணகி நகரிலோ சீனிவாசபுரத்திலோ ஒரு வீட்டில் என்ன பொருள் தரும் என்று யோசித்தால், சென்னையில் புதிய ஆட்டம் ஒன்று வேர்விடுவதற்கு எது தடை என்பது தெளிவாகும். திறமை குறைவு இல்லை. கடற்கரைக் குப்பங்களில் வலை இழுத்து வளர்ந்த தோள்கள் இருக்கின்றன. பள்ளி மீட்டில் 100 மீட்டர் ஓடிவிட்டு, அதற்கு மேல் வழி தெரியாமல் நிறுத்திவிடும் பெண்கள் நிறையப் பேர். சுவீட்டி குமாரிக்கும் அவர்களுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் ஒரு பயிற்சியாளர் ஒருநாள் வந்து கேட்டது மட்டும்தான்.

ஊரில் ரக்பி அறவே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. தமிழ்நாடு ரக்பி சங்கம் இருக்கிறது. சென்னை சீட்டாஸ் என்ற கிளப் அகில இந்தியப் போட்டிகளில் ஆடியிருக்கிறது. விளம்பரமோ டிவி வெளிச்சமோ இல்லாமல், வேலை முடிந்து மாலையில் பூட்ஸ் மாட்டும் இந்த ஆட்களால்தான் ஆட்டம் இந்த ஊரில் மூச்சு விடுகிறது. புதிய லீகின் பணமும் கவனமும் முதலில் சேர வேண்டிய இடம் இதுதான்.

பெரிய போட்டிகளை நடத்துவது எப்படி என்று சென்னைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய ஹாக்கி சாம்பியன்ஸ் கோப்பை. மலேசியாவை 4-3 என்று இந்தியா வென்ற அந்த இரவின் ஆரவாரத்தைக் கேட்டவர்கள், சென்னை ஹாக்கியை மறந்த ஊர் என்று இனி சொல்ல மாட்டார்கள். 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 கார்களே ஓடின. பெரியமேடு நேரு அரங்கத்தில் பல்லாயிரம் பேர் உட்காரலாம். கால்பந்துக்குப் போட்ட அதன் புல்லில் ரக்பிக் கோடுகளையும் கம்பங்களையும் போடுவது பெரிய காரியமல்ல. அடுத்தடுத்த சீசன்களில் சென்னை அணி இரண்டு ஆட்டமாவது இங்கே ஆட வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

அரங்கம் மட்டும் போதுமா என்றால், போதாது. கடற்கரையைப் பார்க்க வேண்டும். உலக ரக்பி அமைப்பே ஐந்து பேர் ஆடும் கடற்கரை ரக்பிக்குத் தனி விதிகள் வகுத்திருக்கிறது. மெரினாவிலும் எலியட்ஸிலும் மணலுக்கு வாடகை கிடையாது. முதன்முறை விழக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு மணலைவிட நல்ல தரை இல்லை. டேக்கிளே இல்லாமல், தொட்டால் போதும் என்று ஆடும் வடிவங்களும் உண்டு. மாநகராட்சிப் பள்ளியின் சிறிய மைதானத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆட இவை பொருத்தமானவை. தேவைப்படுவது சில பந்துகளும், விதி தெரிந்த ஓர் ஆசிரியரும். அந்த ஆசிரியரை உருவாக்க நந்தனத்தில் நூறு ஆண்டு அனுபவமுள்ள கல்லூரியே இருக்கிறது.

பெற்றோரின் பயத்தையும் பேசிவிட வேண்டும். ரக்பியில் அடிபடும். தலையில் படும் அடி மிக ஆபத்தானது. முன்னாள் சர்வதேச வீரர்கள் சிலர் இளம் வயதிலேயே நினைவு இழப்பு நோய்க்கு ஆளாகி வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். தலை உயர டேக்கிளுக்குக் கடும் தண்டனை, சந்தேகம் வந்தால் வீரரை வெளியேற்றித் தலைப் பரிசோதனை என்று விதிகள் இறுகியது அதனால்தான். எனவே சென்னையில் தொடங்கும்போதே அதை ஒழுங்காகத் தொடங்க வேண்டும். பல்காப்பு இல்லாமல் பயிற்சி இல்லை, சிறு வயதில் டேக்கிள் இல்லை, தலையில் அடிபட்ட பிள்ளைக்கு அன்று மறுபடி ஆட்டம் இல்லை. இவற்றைக் கேட்கும் அம்மா ஆட்டத்துக்கு எதிரி அல்ல. பயிற்சி முகாமில் முதலில் கேட்க வேண்டிய குரல் அவருடையது.

இந்திய ரக்பி சங்கத்தின் தலைவர் தமிழ் ரசிகர்களுக்குத் தெரிந்த முகம்: 'விஸ்வரூபம்' படத்தில் உமராக வந்த ராகுல் போஸ். 1998-ல் முதல் சர்வதேசப் போட்டிக்குப் போன இந்திய அணியில் அவர் ஆடியவர். 2021 முதல் சங்கத்தை நடத்துகிறார். பிரீமியர் லீக் அவருடைய பதவிக்காலத்தில் வந்ததே. ஆறு அணிகளில் தலா ஐந்து இந்தியர்களுக்கு இடம் கிடைத்தது. உலகின் முதல்தர வீரர்களோடு ஒரே உடைமாற்றும் அறையில் இரண்டு வாரம் இருந்த அந்த முப்பது பேரின் ஆட்டம் இனி முன்புபோல் இருக்காது. அந்த முப்பதில் ஊருக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கினால் என்ன? சென்னைப் பெயரில் ஆடும் அணி தமிழ்நாட்டிலிருந்து குறைந்தது இரண்டு இளையோரையாவது பயிற்சிக்கு எடுக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால், அதன் விளைவு ஐந்தாண்டில் இளையோர் தேசிய அணித் தேர்வில் தெரியும்.

பெண்களுக்கான லீகும் வேண்டும். இந்தியாவில் ரக்பியை உலகம் கவனிக்க வைத்தவர்கள் பெண்கள்தான். முதல் சீசன் ஆண்களுக்கு மட்டும் நடந்தது. 2025 செப்டம்பர் 27-ல் லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தும் கனடாவும் மோதிய பெண்கள் உலகக் கோப்பை இறுதியைப் பார்க்க வந்தவர்கள் 81,885 பேர். பெண்கள் ரக்பிக்குக் கூட்டம் வராது என்ற பேச்சுக்கு அதற்குமேல் பதில் தேவையில்லை.

2026 செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டு. ரக்பி செவன்ஸ் அதில் உண்டு. 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். அந்த அணிகளில் இடம்பிடிக்கச் சென்னைக்குத் தாமதமாகிவிட்டது. ஆனால் இன்று அடையாறிலோ மந்தைவெளியிலோ ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணுக்கு 2032 ஒலிம்பிக்கின்போது பதினெட்டு வயது ஆகும். அவளுக்குத் தாமதம் இல்லை. பள்ளிக்கல்வித் துறையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாநகராட்சியும், முதல் கோப்பையை வென்ற அணியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தென் சென்னையில் பத்துப் பள்ளிகளையும் வாரத்தில் மூன்று மாலைகளையும் எலியட்ஸ் மணலில் ஒரு கோடு போட்ட திடலையும் முடிவு செய்தால் வரும் ஜூன் மாதப் பள்ளித் திறப்பிலேயே தொடங்கிவிடலாம்.